பாலவாக்கத்து இசைப்பேழை: அகமும் புறமும்

வடக்கே கொட்டிவாக்கம், தெற்கே நீலாங்கரை, கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் என்னும் நான்கு எல்லைக்குள் அடங்கிய பாலவாக்கத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னாலும், பீரோவில் பட்டுப்புடவைகளின் அடியிலும், சில இல்லங்களில் பூஜையறையை ஒட்டிய அலமாரியிலும் வாசம் செய்கின்ற ஹார்ட் டிஸ்க் என்னும் கறுப்புப் பேழையைப் பற்றி இதுகாறும் எந்தப் புலவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. வீணையின் குடம் எம்மரத்தால் ஆகவேண்டும் என்று விவரித்தவர்கள் உண்டு. தம்புராவின் ஜீவாவுக்கு எந்த நூல் உகந்தது என்று விவாதித்தவர்களும் உண்டு. ஆனால் சங்கீத மும்மூர்த்திகளையும் திரையிசைச் சக்கரவர்த்திகளையும் ஒருங்கே வயிற்றில் வைத்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்தில், ஒரு நீல விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும் இந்தப் பேழைக்கு ஒரு சூத்திரமோ உரையோ இல்லாமற்போனது தமிழுக்கு நேர்ந்த குறையென்று கருதியே இந்தச் சிறு ஆராய்ச்சி மேற்கொள்ளப்படுகிறது.

நூல் செய்யப் புகுவோர் சிறப்புப்பாயிரத்தில் எட்டுப் பொருள்களை உரைக்கவேண்டும் என்பது நன்னூலார் விதி. எல்லை சொல்லியாயிற்று. ஆக்கியோன் பெயரால் எவருக்கும் லாபமில்லை. பயன் இன்னதென்று பின்னால் தெரியாவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்லன். கேட்போர் யாவர் என்பது ஒன்றுதான் சிக்கலான கேள்வி. அந்தக் கேள்வியைச் சுற்றியே இந்த நூல் முழுவதும் நடக்கிறபடியால் அதை இங்கே விட்டு மேலே செல்கிறேன்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பேழை இல்லையா, பாலவாக்கத்தை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அவ்விடத்து ரஸிகர்களுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் ஒரு சபா வந்துவிடும். பாலவாக்கத்தாருக்கோ மார்கழிக் கச்சேரி என்பது அடையாற்றைக் கடந்துபோகும் ஒரு யாத்திரை. திரும்பிவர வண்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலையில், பிரதான கீர்த்தனை முடிந்து மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்துக்குக் கைகளைத் தயார்செய்துகொள்ளும் அந்தக் கணத்திலேயே அவர்கள் எழுந்துவிட வேண்டியிருக்கிறது. அப்படிப் பாதியில் விட்டுவந்த சங்கீதத்தையெல்லாம் வீட்டிலாவது முழுமையாக வைத்துக்கொள்ளவேண்டும் என்ற ஏக்கமே இங்கே பேழை பெருகியதற்கு மூலகாரணம். மேலும், பாலவாக்கம் நெய்தல் நிலம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று தொல்காப்பியத்துக்கு உரைகண்டவர்கள் வகுத்தது தலைவியை மனத்திற்கொண்டே என்றாலும், உப்புக்காற்று உலோகத்தை அரிப்பதையும், அதனால் பேழையின் வாய் பச்சை பூத்துப்போவதையும், அதன்பின் அவ்வீட்டில் எழும் புலம்பலையும் கண்டவர்களுக்கு அந்த இலக்கணத்தின் தீர்க்கதரிசனம் விளங்காமற் போகாது.

நடமாடும் சங்கீதம் என்பது டிரான்சிஸ்டர் ரேடியோவோடும், 1979ஆம் ஆண்டு ஜப்பானிலிருந்து புறப்பட்ட வாக்மேனோடும் பிறந்தது என்பது பூர்வபட்சம். அது பொருந்தாது. சிறுபாணாற்றுப்படையின் பாணன் சீறியாழைச் சுமந்துகொண்டு கடற்கரை வழியே எயிற்பட்டினம் போன காலத்தில் ஜப்பானியருக்கு மின்கலம் இல்லை. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்தின் பக்கம் என்று அறிஞர் கருதுவர். மரக்காணமோ நம் வீட்டு வாசலைத் தொட்டுச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. ஆகவே, பாலவாக்கத்தில் ஒருவர் காரில் பேழையை வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் புறப்படுவாரானால், அவர் நவநாகரிகத்துக்கு அடிமையாகவில்லை; பழைய ஆற்றுப்படை மரபைப் பெட்ரோல் செலவில் பேணுகிறார் என்றே கொள்ளவேண்டும்.

பாணருள் சிறுபாணர், பெரும்பாணர் என்ற பாகுபாடு அவர்கள் ஏந்திய யாழின் அளவைக் கொண்டு ஏற்பட்டது. பேழைகளிலும் அஃதே. இரண்டரை அங்குலத் தட்டை உடையது சீறியாழ் வகை. கணிப்பொறியிலிருந்து ஒரே கேபிள் வழியாக மின்சாரத்தையும் செய்தியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு சட்டைப்பையிலும் அடங்கிவிடும். மூன்றரை அங்குலத்தது பேரியாழ் வகை. அதற்கு 12 வோல்ட்டில் தனி அடாப்டர் வேண்டும், சுவரில் தனி பிளக் வேண்டும், அதை எடுத்துச் செல்ல ஒரு பாணர் சுற்றமே வேண்டும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் செய்த முதல் ஹார்ட் டிஸ்க்கோ இவ்விரு வகையிலும் அடங்காது: இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளும், ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அந்தப் பூதத்தின் கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்து, இன்றைய சிக்கன முறையில் சுருக்கினால் ஒரு சினிமாப் பாட்டு அதில் அடங்கும், இரண்டாம் பாட்டின் பல்லவிக்கு இடமிராது.

இடைக்கால வரலாற்றை விரைந்து கடக்கலாம். கெய்ஸ்பர்க் என்பவர் 1902இல் கல்கத்தாவில் வந்திறங்கி இந்தியக் குரல்களை இசைத்தட்டில் பிடித்த நாள்முதல், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம் என்னும் கண்டிப்பான அளவுக்குள் நம் வித்வான்கள் ராகத்தையும் கீர்த்தனையையும் மடித்து மடித்து வைக்கப் பழகினார்கள். பிறகு வந்த காசெட்டு ஒரு மணியும் ஒன்றரை மணியும் தந்தது. அதன்பின் வந்த ஸி.டி. ஏறத்தாழ எழுபத்துநான்கு நிமிஷம் தந்தது. 1990களில் ஜெர்மானியர் செப்பனிட்ட எம்.பி.3 என்னும் சுருக்கெழுத்து முறை, மனிதச் செவிக்கு எப்படியும் எட்டாதென்று அவர்கள் தீர்மானித்த ஒலிகளையெல்லாம் நீக்கிவிட்டு, சங்கீதத்தைப் பத்தில் ஒரு பங்காக்கித் தந்தது. அவ்வாறு நீக்கப்பட்டவற்றுள் தம்புராவின் ரீங்காரமும் உண்டு என்று சிரேஷ்ட ரஸிகர்கள் சாதிப்பார்கள். அவர்களுடைய செவியின் கூர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் கேட்பதே தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகிலுள்ள இரண்டு ஸ்பீக்கர்களின் வழியாகத்தான் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இனிக் கணக்கியல். ஒரு டெராபைட்டு என்பது ஒரு லட்சம் கோடி பைட்டு. ரிச்சி தெருவில் வாங்கிவந்த அன்று மாலை அதைக் கணிப்பொறியில் செருகினால் 931 ஜிகாபைட்டு என்றே காட்டும். மிச்சம் 69 எங்கே என்ற வினா எழாத வீடில்லை. கடைக்காரர் எடுத்துக்கொண்டார் என்று பாட்டியும், வரி என்று தந்தையும் தத்தம் கொள்கையை நாட்டுவார்கள். உண்மையில் இது உரையாசிரியர் இருவரின் பாடபேதமே: பேழை செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணிப்பொறி 1024, 1024ஆக எண்ணுகிறது, மூலம் ஒன்றேதான், ஒரு பைட்டும் களவு போகவில்லை. இந்த ஒரு டெராபைட்டில், மூன்று மணி நேரக் கச்சேரியைத் தாராளமான தரத்தில் வைத்தால் 2,300க்குச் சற்று மேற்பட்ட கச்சேரிகள் அடங்கும். ஏகாதசி, அமாவாசை பாராமல் நாளுக்கு ஒரு கச்சேரி வீதம் கேட்டுவந்தால் ஆறு வருஷம் நான்கு மாதம் ஆகும். சுமாரான தரத்தில் திரைப்பாட்டுகளை அடைத்தாலோ, இரவு பகல் ஓயாமல் ஓடவிட்டும் முடிய ஏறத்தாழ இரண்டு வருஷம்.

இத்தகைய ஐசுவரியம் இல்லத்தில் இருக்கும்போது இல்லத்தார் செய்வது யாது என்று விசாரிக்கப் புகுந்தபோதுதான் அகத்திணையின் விசித்திரம் வெளிப்பட்டது. அவர்கள் அதைக் கேட்பதில்லை. பாட்டு வேண்டுமென்றால் கைப்பேசியை எடுத்து, ஆகாயத்திலிருந்து ஏதோ ஒன்றை வரவழைத்து, நடுவே வரும் சோப்பு விளம்பரத்தையும் சகித்துக்கொண்டு கேட்கிறார்கள். பேழையைச் செருகுவதென்றால் சோபாவை நகர்த்தவேண்டும், தொலைக்காட்சியின் பின்புறத்தில் கையை விட்டுத் துழாவவேண்டும், 'சாதனம் ஆயத்தமாகிறது' என்ற வாசகத்தை நெடுநேரம் தரிசிக்கவேண்டும். அதையும் கடந்து உள்ளே நுழைந்தவர்களுக்குக் காத்திருக்கும் அனுபவம் தனி அத்தியாயத்துக்கு உரியது.

கச்சேரி என்பதற்கு ஒரு பத்ததி உண்டு. வர்ணத்தில் தொடங்கி, விநாயகரை வணங்கி, கீர்த்தனைகளால் களை கட்டி, ராகம், தானம், பல்லவி என்று விரிந்து, தனி ஆவர்த்தனத்தில் உச்சமடைந்து, தில்லானாவில் துள்ளி, மங்களத்தில் முடிவது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில் உறுதிப்பட்ட ஒழுங்கு. பேழையோ ஆங்கில நெடுங்கணக்கை அன்றி வேறு சாஸ்திரம் அறியாதது. அதன் சந்நிதானத்தில் மங்களம் முன்னால் வருகிறது, அடுத்தாற்போல் எந்த ராகத்தில் என்று அறிவிக்கப்படாத ஒரு பல்லவி, அதன்பின் அந்தப் பல்லவிக்குரிய ராகம், பிறகு தானம், பாடகர் மங்களம் பாடி எழுந்து வெகுநேரம் கழித்து மிருதங்கக்காரர் தன்னந்தனியே வாசிக்கும் தனி, பின் தில்லானா, எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, கணீரென்ற குரலில், வர்ணம். அரியக்குடி முறையை இவ்வளவு துல்லியமாகத் தலைகீழாக்க மனித முயற்சியால் ஆகாது.

ராகங்களின் கதி இதனினும் பரிதாபம். வேங்கடமகி பதினேழாம் நூற்றாண்டில் சதுர்தண்டிப் பிரகாசிகையில் எழுபத்திரண்டு மேளங்களை வகுத்து நிறுத்தினார். பேழையோ தோடி ஒன்றையே, ஆங்கில எழுத்தில் 'ஹெச்' சேர்த்தும், சேர்க்காமலும், அனுமனை முன்னே நிறுத்தியும் மூன்று தனி ராகங்களாக்கி மூன்று கோப்புறைகளில் குடிவைத்திருக்கிறது. காம்போதிக்கு ஏற்பட்ட கிளைகளை எண்ணப் புகுந்து பாதியில் கைவிட்டேன். இவையன்றி, 'ட்ராக் 01' என்று தொடங்கி முடிவின்றிச் செல்லும் ஒரு பெருங்கணமும், 'நியூ ஃபோல்டர்' என்பதன் உள்ளே 'நியூ ஃபோல்டர்' என்னும் ஒரு மாயாவாதமும் உண்டு. ஒரு ரஸிகர் தமக்குப் பிடித்த பைரவியைத் தேடி மாலையில் உள்ளே புகுந்து, தம் மகளின் காதுகுத்து விழாப் படங்களில் வழிதவறி, கண் கலங்கி, இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார் என்பது எங்கள் தெருவில் பிரசித்தம்.

அப்படியானால் இல்லத்தில் பேழையின் பிரயோஜனம்தான் என்ன? நகலெடுக்கப்படுவதே. கைப்பேசிக் கடைகளில் காசு வாங்கிக்கொண்டு பாட்டு ஏற்றிக் கொடுத்த வழக்கம் ஓய்ந்துவந்தாலும், வீடுகளுக்குள் அது ஒரு தர்மமாக நிலைத்துவிட்டது. கோலம் போட்டு முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

"சார், உங்க ஹார்ட் டிஸ்க்கை ரெண்டு நாளைக்குக் குடுங்களேன். காப்பி பண்ணிட்டுத் தந்துடறேன்."

"எந்தப் பாட்டு சார் வேணும்?"

"எல்லாம்தான்!"

இந்த 'எல்லாம்' என்ற விடையில்தான் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கேட்க விரும்புகிறவன் ஒரு பாட்டின் பெயரைச் சொல்வான். எல்லாம் வேண்டுகிறவனுக்கு வேண்டியது உடைமை. நிரம்பிய ஒரு டெராபைட்டுப் பேழையைச் சாதாரண வேகத்தில் நகலெடுக்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்: இரவு படுக்கப்போகும்போது தொடங்கினால் காலைக் காப்பிக்கு முடியும். அந்த ஓர் இரவில் பல்லாயிரம் மணி நேரத்து நாதம், வீட்டார் குறட்டையன்றி வேறு ஒலி எழாத கூடத்தில், ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு நிசப்தமாகப் பாய்ந்து முடிகிறது. அமெரிக்காவிலிருந்து டிசம்பரில் வரும் மருமகனும் வெறும் பேழையோடு வந்து, நிறை பேழையோடு விமானம் ஏறுகிறான். அவன் அதை அங்கே ஒரு நண்பனுக்கு நகலெடுத்துக் கொடுக்கிறான். தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுதல் குறித்து 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சலுகை காட்டுகிறது. ஆனால் உபயோகமே செய்யாத ஒருவரின் சொந்த உபயோகம் எவ்வகையைச் சேரும் என்பதை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

சென்னை மியூசிக் அகாதெமியில் கேட்பதற்கென்றே ஒரு டிஜிட்டல் ஆவணக் கூடம் உண்டு. ஆயிரக்கணக்கான மணி நேரக் கச்சேரிகளை அங்கே போய் உட்கார்ந்து, செவியில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்கலாம். வீட்டுக்கு எடுத்துவர மட்டும் முடியாது. கேட்கலாம், கொள்ளமுடியாது என்பது அகாதெமியின் சித்தாந்தம். கொள்ளலாம், கேட்கமுடியாது என்பது பாலவாக்கத்துச் சித்தாந்தம். இவ்விரண்டும் சந்திக்கும் ஓரிடத்தை வருங்காலத்து மகான் எவராவது காட்டக்கூடும்.

புறத்திணைக்கு வருவோம். பேழையைக் காரில் செருகினால் முதலில் ஒரு 'டிக்' ஓசை, சற்று மௌனம், மறுபடி 'டிக்', அதன்பின் திரையில் பிழைச் செய்தி. காரணம் எளிது. ஓய்ந்திருக்கும் தட்டை எழுப்பிச் சுழலவைக்கப் பேழை ஒரு கணம் மிகுந்த மின்சாரத்தைக் கேட்கிறது. பழைய காரின் வாசலோ 500 மில்லி ஆம்பியருக்கு மேல் தர இசைவதில்லை. தட்டு எழ முயல்கிறது, களைக்கிறது, மீண்டும் முயல்கிறது. மின்சாரம் போதுமானதாய் அமைந்தாலும் மொழி பொருந்தவேண்டும்: கணிப்பொறி பேழைக்கு இட்ட இலக்கணம் என்.டி.எஃப்.எஸ். என்பது, பல கார்களுக்குத் தெரிந்ததோ ஃபேட்-32 என்னும் தொல்லிலக்கணம் ஒன்றே. இவ்விரண்டும் கைகூடினாலும் சாலை விடாது. நிமிஷத்துக்கு 78 முறை சுழன்ற கிராமபோன் தட்டின் மேல் ஊசி உராய்ந்துகொண்டு போயிற்று. நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலும் இந்தத் தட்டின் மேலோ, படிக்கும் முனை உராயாமல், தலைமயிரின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதந்துகொண்டு போகிறது. அகலப்படுத்துகிறேன் என்று பள்ளம் தோண்டிப் பலகை நிறுத்தியிருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த இடைவெளியைக் காப்பாற்றுவது பகீரதப் பிரயத்தனம்.

ஆகவே, பிரயாணத்துக்கு முந்திய இரவில் வீட்டில் யாரேனும் ஒருவர் - பெரும்பாலும் கல்லூரிக்குச் செல்லும் பெண் - பேழையைத் திறந்து, கட்டைவிரல் அளவுள்ள ஒரு பென் டிரைவில் கொஞ்சம் பாட்டுகளைப் பொறுக்கிப் போடுகிறாள். இந்தப் பொறுக்கலே அந்தப் பேழைக்கு வாய்த்த மெய்யான விமரிசனம். அப்பாவுக்கு ஒரு ராகம் தானம் பல்லவி, அம்மாவுக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி, தனக்கு ரஹ்மான், வண்டி ஓட்டும் மாமா தூங்காமலிருக்க இளையராஜா. பல்லாயிரத்திலிருந்து சில டஜன் பாட்டுகள் கரையேறுகின்றன. அவையே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. அடுத்த பாட்டின் முதல் சுரம் இன்னதென்று பின்னிருக்கைக் குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது.

இங்கே ஒரு தெய்வ சங்கற்பத்தையும் குறிப்பிடவேண்டும். எளிய கார் வானொலிகள் பல, கோப்புகளை நெடுங்கணக்கின்படி அடுக்கத் தெரியாதவை. எந்த வரிசையில் அவை எழுதப்பட்டனவோ அந்த வரிசையிலேயே ஒலிக்கும். ஆகவே கச்சேரியை வர்ணம் முதல் மங்களம் வரை ஒவ்வொன்றாக ஏற்றினால், புத்திசாலியான தொலைக்காட்சியில் குலைந்த பத்ததி, அறியாமையே உருவான காரில் மீண்டு நிலைபெறுகிறது. அறிவு குறைந்த கருவியே சம்பிரதாயத்தைக் காக்கிறது என்ற இந்த முடிவை இசைக் கல்லூரிகளுக்குப் பொருத்திப் பார்க்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாலவாக்கத்திலிருந்து மாமல்லபுரம் நாற்பது கிலோமீட்டர் அளவு. அந்தத் தூரத்தைக் கல் எண்ணி அளப்பதைவிடச் சங்கீதத்தால் அளப்பது உசிதம் என்பது என் துணிபு. நீலாங்கரைச் சிக்னலில் ராக ஆலாபனை தொடங்குமாயின், அச்சிக்னலின் தாராள குணத்தால் கீழ் ஸ்தாயி முழுவதும் அங்கேயே நிறைவேறும். உத்தண்டிச் சுங்கச்சாவடியில் வயலின்காரர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்; சில்லறையைத் தேடும் சலசலப்பில் அவருக்கு நியாயம் கிடைப்பதில்லை. முட்டுக்காட்டுப் பாலத்தில் காயல் காற்று முகத்திலறையும்போது தானம் வருவது உத்தமம். கோவளத்தைத் தாண்டிப் பல்லவி. திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் கோபுரம் தெரியும் தறுவாயில் தனி ஆவர்த்தனம். இங்கேதான் முக்கியமான கண்டுபிடிப்பு: சபாவில் தனி தொடங்கியதும் எழுந்து போகும் அதே பாலவாக்கத்தார், மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரிலிருந்து எழுந்து போகமுடியாத காரணத்தால், தனி ஆவர்த்தனத்தை ஆதியோடந்தமாகக் கேட்கிறார்கள், தொடையில் தாளம் போடவும் செய்கிறார்கள். கேட்போர் யாவர் என்று பாயிரத்தில் விட்டுவைத்த வினாவுக்கு விடை, சீட்டுப்பட்டியால் கட்டுண்டோர் என்பது.

பேழையின் மரணத்தைப் பற்றியும் சில வார்த்தை சொல்லாவிட்டால் நெய்தல் திணை முற்றுப்பெறாது. அது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நிகழ்வது. சில சமயம் தாளக்கட்டோடு கூடிய 'கடக் கடக்' ஓசை கேட்கும், அதை ஆதி தாளம் என்று வீட்டார் ரஸித்துவிட்டதும் உண்டு. உடனே வைத்தியம் தொடங்கும்: அரிசி டப்பாவில் புதைப்பார் ஒருவர், குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார் ஒருவர், ஸ்க்ரூ டிரைவரோடு மூடியைத் திறந்தே பார்த்துவிடுவார் ஒருவர், மூன்றாமவர் கைபட்ட பிறகு பேழைக்குத் தூசு ஒன்றே யமனாகப் போதும். செய்தி மீட்பு நிபுணர் சொல்லும் கட்டணத்துக்கு அதே வித்வான்களை வீட்டுக்கு வரவழைத்துப் பாடச்சொல்லலாம்.

அப்போதுதான், கேளாமலே நகலெடுத்துச் சென்ற அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும், மருமகனும், மைத்துனரும் பிரதி காத்த புண்ணியவான்களாகத் தோன்றுகிறார்கள். ஏடு செல்லரித்துப்போன வீட்டுக்கு இன்னொரு ஊர் ஏடு கைகொடுத்தவாறே, பாலவாக்கத்தில் அழிந்த பாட்டு அண்ணா நகரிலிருந்து திரும்பிவருகிறது. வருவது மூலம் அன்று, இடைச்செருகல்களோடு கூடியது. சாமிநாதையர் சிந்தாமணிக்குப் பல ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் பதிப்பித்தபோது பட்ட சிரமம் எத்தகையது என்பதை, என் பேழையில் 'கர்நாடக சங்கீதம்' என்ற கோப்புறைக்குள் மைத்துனரின் தெலுங்குப் படப் பாட்டுகளும், அவருடைய வருமான வரிப் படிவங்களும், யாரென்று தெரியாத ஒரு குடும்பத்தின் கொடைக்கானல் பிரயாணமும் சேர்ந்து வந்தபோது ஓரளவு உணர்ந்தேன். படிவங்களை நீக்கிவிட்டேன். தெலுங்குப் பாட்டுகள் சில நன்றாகவே இருந்தபடியால், அவை இப்போது மூலபாடத்தோடு ஒன்றிவிட்டன.

பேழையையும் கணிப்பொறியையும் இணைக்கும் சாண் நீளக் கேபிளைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி இந்நூலின் இரண்டாம் பாகமாக அமையவேண்டியது. அதன் ஒரு முனை உலகப் பொதுவானது. மறு முனையோ தட்டையாய், அகன்று, நடுவே ஒரு பிளவோடு, வீட்டிலுள்ள இன்றைய கைப்பேசிக் கேபிள் எதனோடும் உறவு பாராட்டாத தனிப்பிறவி. ஆகவே அது இல்லாத பேழை வெறும் கறுப்புப் பெட்டி. அதற்கு மாற்றும் அக்கம்பக்கத்தில் இரவலாகக் கிடைப்பதில்லை. நேரடி ஆய்வு செய்யவேண்டுமென்று கருதி இரண்டாம் பாகத்தை நிறுத்திவைத்திருக்கிறேன். ஏனெனில் ஆய்வுக்குரிய கேபிள் இப்போது அண்ணா நகரில் மைத்துனர் வீட்டில் இருக்கிறது. போன் செய்யும்போதெல்லாம், "அடுத்த தரம் வர்றப்போ கண்டிப்பா எடுத்துட்டு வர்றேன், மாமா" என்கிறார்.